வெள்ளையைக் கூறு கட்டியவர்கள்

வெளிச்சத்தின் கதை – 23

சென்ற வாரம் ஜப்பானின் தொகுஷிமா மாகாணத்தில், அனான் நகரில் நிறுத்தியிருந்தோம். 1993 நவம்பரில் நிச்சியா நிறுவனம் ஷுஜி நகமுராவின் நீல எல்.இ.டி.யை உலகுக்குக் காட்டியது. 1996-ல் அதே நிறுவனம், நீலச் சிப்பின் தலையில் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பொடியைப் பிசினில் குழைத்துப் பூசி வெள்ளை எல்.இ.டி. செய்தது. நீலத்தில் ஒரு பங்கு பொடியைத் தாண்டி வெளியே வரும். மீதியைப் பொடி விழுங்கி மஞ்சளாக உமிழும். இரண்டும் கலந்து வந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. கண்டுபிடித்த கதை அதோடு முடிந்தது. தொழிற்சாலையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைத்த கேள்வி, கேட்பதற்குச் சாதாரணமானதுதான்: வெள்ளை என்றால் எந்த வெள்ளை?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பல்புகள் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. ஒரே கடையில், ஒரே பெயர் போட்ட பெட்டியில், ஆறு மாத இடைவெளியில் வாங்கியவை. ஒன்று மோர் வெள்ளை. மற்றது சங்கு வெள்ளை. தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஒரு சுவர் அழுக்கடைந்தது போலத் தெரிகிறது. பெயின்ட் அடித்தவரை நான் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். பாவம், அவர்மேல் தப்பில்லை.

தப்பு உலையில் ஆரம்பிக்கிறது. நீலம் தரும் இண்டியம் காலியம் நைட்ரைடு படலத்தை, ஒரு வட்டத் தகட்டின்மேல் எழுநூறு எண்ணூறு டிகிரி வெப்பத்தில் ஆவியிலிருந்து படியவைத்து வளர்க்கிறார்கள். இண்டியம் நிலைகொள்ளாத சரக்கு. தகட்டின் ஓரம் நடுவைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தாலே அங்கே இண்டியம் குறைவாகப் படியும்; வரும் நீலத்தின் அலைநீளம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஒரே தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் ஆயிரக்கணக்கான சிப்புகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் முகம் ஒன்றுபோல் இருக்காது. அடுத்தது பாஸ்பர். பிசினைவிடக் கனமான பொடி அது. ஊசிக்குழாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும்போது, சாம்பாரில் பருப்பு அடியில் தங்குவதுபோல அதுவும் தங்கப் பார்க்கும். முதல் சொட்டு வாங்கிய எல்.இ.டி.யும் கடைசிச் சொட்டு வாங்கிய எல்.இ.டி.யும் ஒரே வெள்ளையாக எரிவது அதிர்ஷ்டம்.

இதற்குத் தொழிற்சாலைகள் முதலில் கண்ட வழி, நம் சந்தைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். தக்காளியைக் கொட்டி, பெரிது, சிறிது, கனிந்தது, காய் என்று பிரித்துக் கூறு கட்டுவார்கள் அல்லவா? அதே வேலை. ஒவ்வொரு எல்.இ.டி.யையும் ஓர் இயந்திரம் கவ்வி எடுத்து, கண் சிமிட்டுவதற்குள் ஒருமுறை எரியவைத்து, நிறம், பிரகாசம், மின்னழுத்தம் மூன்றையும் அளந்து அதற்குரிய பெட்டியில் தள்ளிவிடும். தொழிலில் இதற்குப் பெயர் ‘பின்னிங்’. நான் கூறு என்றே எழுதுகிறேன். ‘பின்’ என்று எழுதினால் முன்னா பின்னா என்று நீங்கள் கேட்பீர்கள்.

கூறு கட்டும் வழக்கம் வெள்ளை எல்.இ.டி.யோடு வந்ததல்ல. 1970-களில் கால்குலேட்டரிலும் அளவுக் கருவிகளிலும் சிவப்பு எண்கள் மின்னிய காலத்திலேயே அது உண்டு. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் தன் எண் காட்டிகளின் உடலில் ஓர் எழுத்தை அச்சிட்டு அனுப்பும். அது பிரகாசத்தின் கூறு. ஒரு பலகையில் ஒரே எழுத்துள்ளவற்றையே சேர்த்துப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு எண் தூங்கும், பக்கத்து எண் விழித்திருக்கும் என்பது அதன் பொருள். சிவப்பில் பிரகாசத்துக்கு மட்டும்தான் கூறு. மஞ்சள், பச்சை எண் காட்டிகள் வந்தபோது நிறத்துக்கும் ஒரு கூறு எண் சேர்ந்துகொண்டது.

சிவப்புக்கு ஏன் அந்தச் சலுகை? சிவப்பைக் கவனமாகச் செய்தார்கள் என்பதாலல்ல. ஆழ்ந்த சிவப்பில் அலைநீளம் ஐந்து நானோமீட்டர் அப்படி இப்படி நகர்ந்தாலும் மனிதக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. மஞ்சளில் ஒன்றிரண்டு நானோமீட்டர் நகர்ந்தாலே, இது எலுமிச்சை, அது மாம்பழம் என்று கண் பிரித்துவிடும். எல்.இ.டி. பிறந்து முதல் பத்தாண்டு நிறச் சண்டையில்லாமல் கழிந்ததற்குக் காரணம், அது சிவப்பாகப் பிறந்ததுதான். ஆக, எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்று தீர்மானிப்பது சிப் அல்ல, கண். அப்படியானால் யாருடைய கண்?

இங்கே வெள்ளை எல்.இ.டி. வந்த காலத்திலிருந்து அறுபது எழுபது ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும். 1920-களின் கடைசியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் என்ற இளைஞர், பத்துப் பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரு சிறு துளை வழியே பார்க்கச் சொன்னார். துளையில் இரண்டு பாதிகள். ஒரு பாதியில் நிறமாலையின் ஏதோ ஒரு நிறம். மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்த கலவை. மூன்றையும் கூட்டிக் குறைத்து, நடுக்கோடு மறையும்வரை சரிசெய்ய வேண்டும். அதே சமயம் டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு வேறொரு கருவியோடு ஏழு பேரை வைத்து இதையே செய்துகொண்டிருந்தார். கருவி வேறு, ஆட்கள் வேறு. ஆனாலும் கணக்கை ஒரே அடிப்படைக்கு மாற்றிப் பார்த்தால் இரண்டும் வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போயின. 1931-ல் கேம்பிரிட்ஜில் கூடிய சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் — அதன் பிரெஞ்சுப் பெயரைச் சுருக்கி சி.ஐ.இ. என்பார்கள் — இந்தப் பதினேழு பேரின் பார்வையைச் சராசரி எடுத்து, ‘நியமப் பார்வையாளர்’ என்ற ஒருவரை உருவாக்கியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம் எவ்வளவோ அவ்வளவு, அதாவது இரண்டு டிகிரி, அதுதான் அவர் பார்க்கும் பரப்பு. அவருக்கு வயதாவதில்லை, கண்ணில் புரை விழுவதில்லை. எந்த நிறத்தையும் எக்ஸ், ஒய் என்ற இரண்டு எண்களில் அவர் சொல்லிவிடுவார்.

பிரகாசத்துக்கு இன்னும் ஏழாண்டு முன்பே வளைகோடு போட்டாகிவிட்டது. 1924-ல் அதே ஆணையம், பகல் வெளிச்சத்தில் கண் எந்த நிறத்துக்கு எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று வரையறுத்தது. உச்சம் 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. அங்கே ஒரு வாட் ஒளிக்கு 683 லூமன். 450 நானோமீட்டர் நீலத்தில் அதே ஒரு வாட்டுக்கு வெறும் 26 லூமன். இந்தத் தொடரின் தொடக்கத்தில் திமிங்கல மெழுகில் செய்த வர்த்தியை அளவுகோலாக வைத்திருந்த இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்தோம். மெழுகுவர்த்தி போய்க் கண்ணே அளவுகோலானது என்று சொல்லலாம்.

நிறத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் பக்கத்துப் பக்கத்து முகவரியில் இருக்கும் இரண்டு நிறங்கள் கண்ணுக்கு வேறாகத் தெரியுமா? 1942-ல் இதற்கு விடை சொன்னவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் கோடக் ஆய்வகத்திலிருந்த டேவிட் மக்காடம். ஃபிலிம் விற்கும் நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி சோற்றுப் பிரச்சினை. எக்ஸ், ஒய் எண்களை அச்சுகளாக வைத்து வரைந்த நிறப் படத்தில் இருபத்தைந்து புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி எல்லாத் திசையிலும் நிறத்தை மாற்றி, திரும்பத் திரும்பப் பொருத்தச் சொன்னார். ஏறக்குறைய 25,000 முறை பொருத்தங்கள் நடந்தன. பொருத்தியவர் பெர்லி நட்டிங் என்ற ஒரே ஒருவர்! ஆய்வுத்தாளில் பி.ஜி.என். என்ற மூன்றெழுத்தாக நிற்கிறார். ஒரே நிறத்தைப் பலமுறை பொருத்தும்போது அவர் கை எவ்வளவு தடுமாறியது என்று மக்காடம் கணக்கெடுத்தார். அந்தத் தடுமாற்றத்தை வரைந்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு நீள்வட்டம் வந்தது. நீல மூலையில் கடுகளவு. பச்சைப் பக்கத்தில் அதைவிடப் பலமடங்கு பெரிது.

இன்று பல்பு விற்பவர்கள் ‘மூன்று படி’, ‘ஐந்து படி’ என்று பேசுவதெல்லாம் இந்த நீள்வட்டத்தின் மடங்குதான். ஒரு படி என்பது தடுமாற்றத்தின் ஒரு மடங்கு. அதற்குள் இருப்பவற்றைக் கண் பிரிக்காது. ஏறக்குறைய மூன்று மடங்கில்தான் வேறுபாடு தென்படத் தொடங்கும். ஷென்ஜெனிலோ நொய்டாவிலோ ஒரு தொழிற்சாலையில் எல்.இ.டி. கூறு பிரியும்போது, ராச்செஸ்டரில் ஒருவர் 1940-களில் பொறுமையோடு திருகிய குமிழ் அங்கே மறைவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆளின் கண்ணை உலகத்துக்கே அளவாக வைப்பது நியாயமா என்று கேட்கலாம். பின்னால் வந்த சோதனைகளில் வேறு ஆட்களின் நீள்வட்டங்கள் சாய்விலும் அளவிலும் மாறத்தான் செய்தன. இருந்தும் நட்டிங் நிலைத்துவிட்டார்.

அளவுகோல் இருந்தால் போதுமா, அளக்கத் தெரிய வேண்டாமா? 1990-களில் இது சந்தி சிரித்தது. ஒரே எல்.இ.டி.யைத் தயாரித்தவர் அளந்தால் ஓர் எண், வாங்கியவர் அளந்தால் வேறு எண். பொய் சொன்னவர் யாருமில்லை. தொலைவு கூடினால் ஒளி இருமடி விகிதத்தில் குறையும் என்ற விதி, மூலம் ஒரு புள்ளியாக இருந்தால்தான் செல்லும். எல்.இ.டி.யோ தலையில் ஒரு குண்டு வில்லையைச் சுமந்துகொண்டு ஒளியைக் குவித்துத் தள்ளுகிறது. எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 1997-ல் சி.ஐ.இ. தன் 127-ஆம் அறிக்கையில் வழக்கைத் தீர்த்து வைத்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் உணரியை எல்.இ.டி.யின் முனையிலிருந்து 316 மில்லிமீட்டரில் வையுங்கள், அல்லது 100 மில்லிமீட்டரில் வையுங்கள். எதில் வைத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான் தீர்ப்பு. இயற்பியல் ரீதியில் அது ஒரு சமரசம். பஞ்சாயத்தில் சரியான தீர்ப்பைவிட எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு சிறந்தது என்பது அறிவியலிலும் நடக்கிறது.

பிறகு எல்.இ.டி. வீட்டு விளக்காகும் காலம் வந்தது. 2008-ல் அமெரிக்கத் தர நிறுவனம் சி78.377 என்ற ஆவணத்தை வெளியிட்டது. மஞ்சள் தட்டும் 2700 கெல்வின் நிற வெப்பநிலையில் தொடங்கி நீலம் தட்டும் 6500 வரை வெள்ளைக்கு எட்டு வீடுகள் கட்டிக்கொடுத்தது அது. ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய ஏழு படி நீள்வட்டத்தை உள்ளடக்கிய நாற்கரம். நீள்வட்டத்தை ஏன் நாற்கரமாக்கினார்கள் என்றால், நீள்வட்டங்களை அடுக்கினால் இடையில் சந்து விழும். சந்தில் விழுந்த சரக்கை யார் வாங்குவார்கள்? நாற்கரங்கள் வயல் வரப்புபோல ஒட்டிக்கொள்ளும், விளைந்ததெல்லாம் ஏதோ ஒரு வயலைச் சேரும். ஏழு படி என்பது கண்ணுக்கு நன்றாகவே தெரியும் வேறுபாடு. அன்றைய உற்பத்தி எதைத் தாங்குமோ அதற்கேற்ற பெருந்தன்மை அது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் போட்ட விதி ஆறு படிக்குள் வரச் சொன்னது. அருங்காட்சியகத்துக்கும் நகைக்கடைக்கும் விளக்கு செய்கிறவர்கள் இரண்டு, மூன்று படியைத் தேடிப் போனார்கள்.

இறுக்கமான கூறு கேட்டால் விலை ஏறும். சரி, நடுக்கூறை ஒருவர் பொறுக்கிக்கொண்டு போனால் ஓரக்கூறு என்ன ஆகும்? குப்பைக்குப் போகாது, வேறு விலைக்குப் போகும். எங்கள் கூடத்துச் சங்கு வெள்ளை எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது ஊகிக்க முடிகிறது. கெட்டிக்காரப் பொறியாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சற்றே பச்சை தட்டும் கூறிலிருந்து பாதி, சற்றே ரோஜா தட்டும் கூறிலிருந்து பாதி எடுத்து ஒரே பலகையில் மாற்றி மாற்றிப் பதித்து, மேலே பால் கண்ணாடியைப் போட்டு மூடினால் வெளியே வருவது நடு வெள்ளை. அரிசி மண்டியில் பழையதையும் புதியதையும் கலப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இத்தனை செய்தும் ஒரு ஓட்டை இருந்தது. கூறு பிரிக்கும் இயந்திரம் எல்.இ.டி.யைக் குளிர்ந்த நிலையில், 25 டிகிரியில், ஒரு துடிப்பு மட்டும் எரித்து அளந்தது. வீட்டில் எரியும்போது உள்ளே சிப்பின் சூடு 85 டிகிரியையும் தாண்டும். மாப்பிள்ளையைக் கோயிலில் பார்த்துவிட்டு வந்த கதைதான்! சூட்டில் வெள்ளையின் பிரகாசம் குறையும், நிறமும் கொஞ்சம் நகரும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தயாரிப்பாளர்கள் 85 டிகிரிக்கே சூடாக்கிக் கூறு பிரிக்கத் தொடங்கினார்கள்.

நிறம் மாறும் விளக்குகளுக்கு இந்த வைத்தியமும் பற்றவில்லை. 1997-ல் பாஸ்டனில் ஜார்ஜ் மியூலரும் ஐஹர் லீஸும் தொடங்கிய கலர் கைனடிக்ஸ், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கணினிச் சிப்பால் ஆட்டிவைத்து எந்த நிறமும் காட்டும் விளக்குகளை விற்றது. பத்தாண்டில் அதைப் பிலிப்ஸ் வாங்கிக்கொண்டது. மின்னோட்டத்தைக் குறைத்து மங்கவைத்தால் பச்சையும் நீலமும் நிறம் மாறும். அதனால் முழு மின்னோட்டத்தையே கொடுத்து, கண் அறியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரித்தார்கள். எரியும் நேரத்தின் விகிதம்தான் பிரகாசம். ஆனால் மூன்று நிறச் சிப்பும் ஒரே சாதியல்ல. சிவப்பு வேறு பொருளில் செய்தது, சூட்டுக்குப் பயப்படும். விளக்கு சூடேற ஏறச் சிவப்பு தளர்ந்துபோக, வெள்ளை மெல்ல நீலம் பாய்ந்துவிடும். ஒரு கட்டடத்தின் முகப்பில் இருபது விளக்கை வரிசையாக வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை கொடுத்தால், இருபது விதமான ஊதா வரும்.

இங்கேதான் கூறு கட்டும் தொழில் திசை திரும்பியது. எல்.இ.டி.யைப் பிரிப்பதை விட்டு, செய்து முடித்த விளக்கையே திருத்துவோம் என்றார்கள். விளக்கைத் தொழிற்சாலையின் கடைசி மேசையில், உள்ளே வெள்ளை பூசிய ஒரு கோளத்துக்குள் வைக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் ரிச்சர்ட் உல்பிரிக்ட் 1900 வாக்கில் உருவாக்கிய கோளம் அது. எந்தத் திசையில் போன ஒளியும் சுவரில் பட்டுப் பட்டுச் சமமாகக் கலந்துவிடும். சிவப்பை மட்டும் எரித்து நியமப் பார்வையாளரின் கணக்கில், நிறத்துக்கு இரண்டும் பிரகாசத்துக்கு ஒன்றுமாக, மூன்று எண்கள், பச்சைக்கு மூன்று, நீலத்துக்கு மூன்று. இந்த ஒன்பது எண்களை வைத்து, ‘இந்த நிறம் வேண்டும்’ என்று வெளியிலிருந்து கட்டளை வந்தால் ‘இந்த விளக்கு மூன்று சிப்பையும் எவ்வளவு எரிக்க வேண்டும்’ என்று மாற்றும் ஓர் அட்டவணை. அதை விளக்கின் உள்ளேயே ஒரு நினைவகச் சிப்பில் எழுதிவிட்டார்கள். உள்ளிருக்கும் வெப்ப உணரி சூட்டைச் சொல்லச் சொல்ல, சிவப்புக்கு எவ்வளவு கூடுதல் தர வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. விளம்பரத்தில் அதைச் சொல்லமாட்டார்கள். ஒரு விளக்கின் பச்சை 100, இன்னொன்றின் பச்சை 85 என்று வைத்துக்கொள்வோம். 85-ஐ நூறாக்க முடியாது. நூறைத்தான் 85-க்கு இறக்க முடியும். நிறத்திலும் அப்படியே. ஒன்றின் பச்சை மற்றதைவிடத் தூய்மையாக இருந்தால், அதில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து அழுக்காக்கித்தான் இரண்டையும் சேர்க்க முடியும். வரிசையில் பலவீனமானவர் வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டும். அதனால் அளவுத்திருத்தம் வந்த பிறகும் கூறு கட்டுவது ஒழியவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் திருத்தத்தில் இழப்பும் பெரிதாகும் என்பதால், முதலில் ஓரளவு பிரித்து, மிச்சத்தைக் கணக்கில் சரிசெய்கிறார்கள்.

இந்த வித்தையின் உச்சம் ராட்சதத் திரைகளில். இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் எழுந்த நாஸ்டாக் திரையில் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எல்.இ.டி.கள். அத்தனையையும் கோளத்துக்குள் வைக்க முடியுமா? இத்தகைய திரைகளுக்குக் கேமராவே அளவுக் கருவியானது. நியமப் பார்வையாளரின் கண்ணுக்கேற்ற வடிகட்டிகள் பொருத்திய கேமரா, திரையைச் சிவப்பில், பச்சையில், நீலத்தில் படமெடுக்கும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் எழுதும். கண்ணின் ஒரு குணம் இங்கே பகைவன், இன்னொரு குணம் நண்பன். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை பிரகாசம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போனால் யாரும் கவனிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் சில சதவீத வேறுபாடு இருந்தால், நடுக்கோடு கத்திபோல் தெரியும். பழுதான ஒரு பலகையைக் கழற்றிப் புதியது போட்டால், பழைய வேட்டியில் புதுத்துணி ஒட்டுப் போட்டது மாதிரி பளீரென்று நிற்கும். புதியதை மங்கவைப்பதுதான் அங்கே திருத்தம். நம் திருப்பூர்ச் சாயக்காரர்களுக்கு இது புதிதல்ல. நியம ஒளி எரியும் பெட்டிக்குள் துணியை வைத்து ‘ஷேடு’ பார்க்கும்போது அவர்கள் பயப்படுவதும் இரண்டு லாட் துணி ஒரே சட்டையில் சேரும் அந்தத் தையலுக்குத்தான்.

தொழிற்சாலை எழுதிக்கொடுத்த எண்கள் எத்தனை நாள் செல்லும்? எல்.இ.டி.க்கும் வயதாகும், மூன்று நிறத்துக்கும் ஒரே வேகத்தில் வயதாகாது. டெக்சாஸின் ஆஸ்டினில் இயங்கிய, 2018-ல் லூட்ரான் வாங்கிக்கொண்ட கெட்ரா என்ற நிறுவனம், விளக்கே தன்னைத் தானே அளந்துகொள்ளட்டும் என்றது. எல்.இ.டி.யைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் அது ஒளியை உணரும் என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் 1970-களிலேயே பொழுதுபோக்கு மின்னணுக்காரர்களுக்குச் செய்துகாட்டியிருந்தார். அந்தக் குணத்தை வைத்து, எரியும் எல்.இ.டி.யை எரியாத எல்.இ.டி. கண்காணிக்கும்படி செய்தார்கள்.

இவ்வளவும் பொருந்திவந்த பிறகு வந்தது பழைய வம்பு. பாஸ்பர் வெள்ளை ஒன்று, மூன்று நிறம் கலந்த வெள்ளை ஒன்று. மீட்டரில் இரண்டுக்கும் எக்ஸும் ஒய்யும் கடைசிப் புள்ளிவரை ஒன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு. மீட்டரைத் திரும்ப அளவுத்திருத்தம் செய்து பயனில்லை; மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது, அதற்குள் இருக்கும் நியமப் பார்வையாளருக்கு நீலத்தில் பார்வை கொஞ்சம் மந்தம். டீன் ஜட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1951-லேயே இதைச் சொல்லித் திருத்தமும் தந்துவிட்டார். அகன்ற நிறமாலை கொண்ட குண்டு பல்புகளின் காலத்தில் அந்தப் பிழை பெரிதாகத் தொல்லை தரவில்லை. நீலத்தை ஒரு குறுகிய முனையில் குவிக்கும் எல்.இ.டி. வந்ததும் அது வெளியே வந்து நின்றது. ஓ.எல்.இ.டி. ஸ்டுடியோ மானிட்டர்களை விற்ற சோனி, பழைய குழாய்த் திரையோடு கண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, வெள்ளையின் எக்ஸ், ஒய் எண்களைத் தெரிந்தே நகர்த்தி வைக்க நேர்ந்தது. 2015-ல் சி.ஐ.இ. புதிய கண் கணக்கு ஒன்றை வெளியிட்டது. ஆனால் உலகத்திலுள்ள தரவுத் தாள்களும், கூறுகளின் எல்லைக் கோடுகளும் பெரும்பாலும் 1931-ன் எண்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த வாரம் நீங்கள் வாங்கப்போகும் பல்பையும் அநேகமாக லண்டன், டெடிங்டன்காரர்கள் பதினேழு பேர்தான் பார்த்து அனுப்பியிருப்பார்கள்.

அணைத்து அணைத்து எரிப்பதைக் கண் அறியாது என்று மேலே எழுதினேன். எல்லாக் கண்ணும் அப்படியல்ல. அடுத்த வாரம் சிமிட்டல்.